பதினெட்டாம் எண் யாருக்கு?

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்."

போன வாரத்துக்கு முந்தின வாரம் இந்த ஒரு வாக்கியத்தை மூன்று நாள் கேட்டேன். இன்டர்நெட் கம்பெனிக்காரர் சொன்னார். ஆர்டர் கொடுக்கப்போகிற கம்பெனிக்காரர் சொன்னார். ரூட்டர் மாட்டிய செல்வகுமாரும் சொன்னார். எல்லார் பக்கமும் சரி. நடுவில் நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'அனுமதி இல்லை' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் தப்பு யார் பக்கம்? சொல்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். இப்போது நானும் சிரிக்கிறேன்... அன்றைக்குச் சிரிக்கவில்லை. அன்றைக்கு என் சத்தம் கேட்டு, எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து நின்று பார்த்தார்களாம்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வரி. எங்களுக்குச் சிவகாசியில் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், காலண்டர், நோட்டு அட்டை என்று ஓடுகிறது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துவது. அந்த அண்ணனை நான் 'பெரியத்தான்' என்று கூப்பிடுவேன். மிஷின் பக்கம் பெரியத்தான். வெளிவேலை என் வீட்டுக்காரர். ஆபீஸ், கம்ப்யூட்டர், போனில் கத்துவது... இதெல்லாம் நான்.

எங்கள் ஊர்த் தொழிலைப் பிடித்த சனியன் ஒன்று உண்டு. சீசன்! ஆடியிலிருந்து மார்கழி வரை மூச்சு விட நேரமிருக்காது. தை பிறந்துவிட்டால் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான். பங்குனி வரைக்கும், பெட்டி ஒட்டுகிற பேஸ்டிங் செக்ஷனில் இருக்கிற பெண்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கொடுத்தாலே பெரிய காரியம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி ராமலட்சுமி. எங்களிடம் வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கிற மருந்து அறையில் வேலை பார்த்தவள். ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். வந்த இரண்டு நிமிஷத்தில் அறை வெடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த அவளுடைய மதினி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். அட்டை ஒட்டினாலும் போதும், அடுப்பு எரிந்தால் போதும் என்றாள்.

ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கு எந்த அடுப்பு எரியும்? தை பிறந்ததும் பழைய போர்மேன் அவளுக்குப் போன் பண்ண ஆரம்பித்துவிட்டார். அதே கம்பெனி. அதே மருந்து அறை. கட்டடம் மட்டும் புதுசு.

"சனிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்க்கா. இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவாகளாம். நீங்க என்ன சொல்லுறீக?"

நான் என்ன சொல்ல? என் கையில் அப்போது ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. வடக்கே ஒரு மசாலா கம்பெனி. மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போடுகிற அட்டைப்பெட்டி அவர்களுக்கு வருஷம் முழுக்க வேண்டும். மசாலாவுக்கு ஏது சீசன்? தையிலும் குழம்பு வைக்கிறார்கள், மாசியிலும் வைக்கிறார்கள். எங்கள் சாம்பிள் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கடைசித் திருத்தம் செய்த டிசைன் ஃபைல்களை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர்களுடைய சர்வரில் ஏற்றிவிட்டால் ஆர்டர் அநேகமாக நமக்குத்தான். ஐந்து மணி ஒரு நிமிஷம் ஆனால் வேறு ஊர்க்காரருக்கு.

ஃபைல் ஏற்றுவது என்ன பெரிய வேலையா என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கம்பெனியின் சர்வர் கண்டவர்களுக்கெல்லாம் கதவைத் திறக்காதாம். இன்டர்நெட்டில் நம் எல்லோருக்கும் ஓர் எண் இருக்கிறது. அதுதான் ஐபி முகவரி. சாதாரண இணைப்பில் அது வாடகை வீடு மாதிரி அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். மாறாத சொந்த வீடு வேண்டுமென்றால் 'ஸ்டாட்டிக் ஐபி' வாங்க வேண்டும். அந்த எண்ணை அவர்களிடம் எழுதிக் கொடுத்தால், அதிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும். இன்னொரு கண்டிஷன் – அதே முகவரியில் நம் கேமரா, கணக்கு சர்வர் என்று வேறெதுவும் இருக்கக் கூடாது.

ஆக, மசாலா கம்பெனிக்கு ஒன்று. ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் குடோன்காரர்கள் இங்கே ஸ்டாக் பார்க்க ஒன்று. கேமராவுக்கு ஒன்று. மூன்று கேட்டேன்.

"மூணுன்னு பிளானே இல்ல மேடம். ஒண்ணு, இல்லாட்டி அஞ்சு" என்றார் இன்டர்நெட் கம்பெனி சேல்ஸ்காரர்.

"சரி, இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"ஒண்ணுன்னா அடுத்த மாசம் ஆகும். அஞ்சா எடுத்தா நாளைக்கே குடுத்துருவோம்."

இது எந்த ஊர் நியாயம்? ஒன்றைத் தர ஒரு மாதம், ஐந்தைத் தர ஒரு நாள்! கேட்டேன். "சிஸ்டம் அப்படி மேடம்" என்றார். இந்த நாட்டில் எந்தக் கேள்வியையும் வாயடைக்க வைக்கிற பதில் அது.

திங்கட்கிழமை ஐந்து முகவரிகளும் மெயிலில் வந்தன. நீளமான எண்தான், ஆனால் முன்பாதி ஐந்துக்கும் ஒன்றே. ஒரே தெரு, வீட்டு நம்பர் மட்டும் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி எண் பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. முதலில் இருப்பதுதானே முக்கியமானது என்று, மசாலா கம்பெனியின் ஃபார்மில் பதினெட்டை எழுதி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை மாலையே பதில் வந்துவிட்டது. 'உங்கள் பதினெட்டுக்குக் கதவு திறந்தாயிற்று.'

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸில் இல்லை. ஒரு சான்றிதழுக்காக விருதுநகர் சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதை தனி. அதை எழுதினால் என் பிபி உங்களுக்கும் வந்துவிடும். நான் அங்கே இருந்த நேரத்தில் செல்வகுமார் வந்து ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிவகாசியில் பாதி அச்சகத்துக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறவர் அவர். நாற்பது வயசு, வாயில்லாப் பூச்சி. கூட இருந்து வேலை வாங்கியவர் பெரியத்தான்.

புதன்கிழமை காலை வந்து பார்த்தால் ரூட்டருக்குச் சந்தனம், குங்குமம். ஆன்டெனாவில் கதம்பம். எங்கள் வீட்டில் இது ஆச்சரியமே இல்லை. ஸ்டேப்ளர் வாங்கினால்கூடப் பெரியத்தான் பொட்டு வைத்துத்தான் கொடுப்பார். சாமி அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி இருந்தது. யாருக்கோ ஜாதகக் குறிப்பு போலிருக்கிறது என்று நினைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மசாலா கம்பெனியின் சர்வரைத் திறந்தேன். 'அனுமதி இல்லை.'

மறுபடி திறந்தேன். 'அனுமதி இல்லை.'

அங்கே ஆரம்பித்தது என் மூன்று நாள் திருவிழா. இன்டர்நெட் கம்பெனிக்கு அடித்தால் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். ஒன்றை அழுத்தினால் ஹிந்தியில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து வந்த ஆள், "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?" என்றார். ஐந்து தடவை பண்ணிவிட்டேன் என்றேன். "ஆறாவது தடவை பண்ணிப் பாருங்க" என்றார். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை.

மசாலா கம்பெனியின் கம்ப்யூட்டர் அதிகாரியிடம் என் இங்கிலீஷில் கேட்டேன், அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் புரிந்தது – பதினெட்டுக்குக் கதவு திறந்தே இருக்கிறது, பதினெட்டிலிருந்து யாருமே வரவில்லை. செல்வகுமாருக்கு அடித்தால், "லைன் ஓடுதுல்லக்கா? அப்ப நம்ம பக்கம் சரிதான். நாளைக்கு வாறேன்" என்றார். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்கிறீர்களா? வீட்டில் எப்போது சூடு ஏறுகிறதோ அப்போது அவருக்குச் சாத்தூரில் லோடு விஷயமாக ஒரு வேலை வந்துவிடும். வந்தது. போய்விட்டார்.

இதற்கு நடுவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதவோரமாக ஒரு முகம்.

"தொறந்துருச்சாக்கா?"

"இல்ல ராமலட்சுமி."

"சரிக்கா."

அவ்வளவுதான் கேட்பாள். திட்டியிருந்தாலாவது தேவலை. அந்த 'சரிக்கா'வைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் மறுபடி போனை எடுத்தேன்.

வியாழனும் போயிற்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒருவழியாகச் செல்வகுமார் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி ரூட்டர் பக்கம் கையைக் கொண்டு போனார்.

"ஏலே செல்வம், கைய எடு!" பெரியத்தான் மிஷின் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். "ராகுகாலம். பன்னெண்டு மணி வரைக்கும் தொடாத."

"அத்தான், அஞ்சு மணிக்கு அங்கன கதவ மூடிருவாக!"

"இருக்கட்டும்த்தா. ஒரு மணி நேரத்துல என்ன குடி முழுகிப்போச்சு?"

முழுகப்போவது யார் குடி என்று பேஸ்டிங் செக்ஷனைக் காட்டிச் சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் நானும் செல்வகுமாரும் ஆளுக்கொரு நாற்காலியில், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தோம்.

பன்னிரண்டு ஐந்துக்குச் செல்வகுமார், நாம் இப்போது எந்த எண்ணிலிருந்து வெளியே போகிறோம் என்று காட்டுகிற ஒரு பக்கத்தைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். கடைசி எண் பத்தொன்பது.

"இது என்ன பத்தொன்பது?"

செல்வகுமார் ஹெல்மெட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"யோவ் செல்வம், நான் எழுதிக் குடுத்தது பதினெட்டு. பதினெட்டு எங்கய்யா?"

அவர் என்னைப் பார்த்தார். பெரியத்தானைப் பார்த்தார். பிறகு முகவாய்க்கட்டையை மட்டும் உயர்த்திச் சாமி அலமாரியைக் காட்டினார்.

நான் எழுந்து போய் அந்த மஞ்சள் தடவிய சீட்டை எடுக்காமலே குனிந்து பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே பெரியத்தானின் கொட்டை எழுத்தில், புள்ளி புள்ளி வைத்து, எங்கள் ஐபி முகவரி. கடைசி எண் பதினெட்டு.

"அத்தான்... இது என்ன?"

"மொத நம்பர் சாமிக்குத்தா" என்றார், நேற்று என்ன கிழமை என்று கேட்டவருக்குச் சொல்வதைப் போல. "அஞ்சு வந்துச்சு. மொதல்ல உள்ளத சாமிக்கு விட்டுட்டு, ரெண்டாவதுலருந்து நமக்கு வச்சுக்கிட்டேன். எப்பவும் செய்யிறதுதான?"

எப்பவும் செய்கிறதுதான். அதை மறுக்க முடியாது. மிஷினிலிருந்து வருகிற முதல் ஷீட் சாமிக்கு. முதல் காலண்டர் கோயிலுக்கு. தீபாவளிக்கு வாங்குகிற பட்டாசில் முதல் பெட்டி அலமாரிக்கு. எங்கள் தெருவில் எந்த அச்சகத்தில் போய்ப் பார்த்தாலும் இதுதான் வழக்கம். ஆனால் ஐபி முகவரியிலுமா? அம்மன் அதை வைத்துக்கொண்டு எந்த சர்வருக்குள் நுழையப்போகிறாள்?

நான் செல்வகுமார் பக்கம் திரும்பினேன். "உமக்குத் தெரியும். மூணு நாளா தெரியும்!"

"அஞ்சுல ஒண்ணு சும்மா கெடந்தா நெட்டுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நீங்க அந்த நம்பரத்தான் எழுதிக் குடுத்தீகன்னு எனக்குத் தெரியாதுல்ல. பெரியவரு, 'அதுகிட்டச் சொல்லாத, கத்தும்'னாரு." கொஞ்சம் இடைவெளி விட்டு, "இன்னும் மூணு ஆபீஸ்லயும் இப்படித்தான்க்கா விட்டு வச்சிருக்கு" என்றார்.

மூன்று ஆபீஸா! அதைக் கேட்டதும்தான் டீக்கடைக்காரர்களை எழுந்து நிற்க வைத்த அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்தது. இங்கே ஒரே ஒரு நம்பருக்கு அலைகிறோம், ஊரில் இருக்கிற முதல் நம்பரெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு அலமாரியில் தூங்குகிறது!

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அத எடுத்து மாத்திக் குடுங்கய்யா" என்றேன்.

"பெரியவரு சொல்லாம தொட மாட்டேன்க்கா. நாளப்பின்ன எதாச்சும் ஆச்சுன்னா என் தலையில விழும்."

பெரியத்தான் தலையை ஆட்டினார். "சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குறதா? என்ன பேச்சுத்தா பேசுற? நீ வேணா அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லி நம்பர மாத்தச் சொல்லு." ரூட்டரின் பாஸ்வேர்டு எழுதிய டைரி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, மிஷின் பக்கம் நடக்கிற வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போய்விட்டார்.

மசாலா கம்பெனிக்கு அடித்தேன். பதினெட்டை எடுத்துவிட்டுப் பத்தொன்பதைப் போடுங்கள் என்றேன். "டிக்கெட் போடுங்கள் மேடம், நான்கு வேலை நாளில் ஆகிவிடும்." நான்கு வேலை நாள்! எனக்கு இருப்பது நான்கு மணி நேரம். இருந்தாலும் டிக்கெட் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் மனுவைப் போட்டேன். முழுகப்போகிறவள் கைக்கு எட்டியதைப் பிடிப்பாளா மாட்டாளா?

நானே அந்த டைரியைப் பிடுங்கியிருக்கலாம் என்கிறீர்களா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பயம். இத்தனை கத்துகிறேனே, அந்த மஞ்சள் சீட்டைத் தொட எனக்கும் கை நீளவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டு அழுகை வந்துவிட்டது. செல்வகுமார் பாவம், ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ராமலட்சுமி இலைத் துண்டில் சுண்டல் எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தால் எல்லோருக்கும் சுண்டல் பகிர்ந்து கொடுப்பது அவள் வேலை.

"சாப்புடுங்கக்கா."

"வேண்டாம் தாயி. கொண்டு போ."

"என்னக்கா ஆச்சு? தொறக்கவே தொறக்காதா?"

சொன்னேன். எண், கதவு, சீட்டு, டைரி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மேசையைப் பார்த்தே சொன்னேன். அவள் 'சரிக்கா' சொல்லவில்லை. கையில் சுண்டலோடு நேரே பெரியத்தானிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன், அவர் இவளைத் திட்டிவிடப் போகிறாரே என்று.

"மொதலாளி, இந்தச் சுண்டல சாமிக்குத்தான படைச்சீக?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சாமிக்குப் படைச்சத எங்களுக்கு எதுக்குக் குடுக்கீக?"

"படைச்ச பெறகு அது பிரசாதம்லா? சாப்புடாம வச்சிருந்தா ஊசிப்போகாது?"

"அப்ப அந்த நம்பரு செவ்வாக்கெழமையிலருந்து சாமி முன்னாடிதான இருக்கு மொதலாளி? நாலு நாளாச்சு. இன்னுமா படைச்சு முடியல?"

பெரியத்தான் அவளைப் பார்த்தார், கையிலிருந்த சுண்டலைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. குரல்தான் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"நாளைக்கு நான் அங்கன வேலைக்கு வாறேன்னு சொல்லணும் மொதலாளி. அந்த அறைக்குள்ள போகப் பயமா இருக்கு. அதான் கேக்கேன். தப்பா இருந்தா மன்னிச்சுருங்க."

பெரியத்தான் நேரே ஆபீஸ் அறைக்குள் வந்தார். சூடம் ஏற்றினார். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். பிறகு அந்தச் சீட்டை இரண்டு கையாலும் எடுத்து, என்னிடம் கொடுக்கவில்லை, செல்வகுமாரிடமும் கொடுக்கவில்லை. ராமலட்சுமியிடம் கொடுத்தார்.

"பிரசாதம்த்தா. வாங்கிக்கோ."

அவள் சுண்டலை மேசையில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணில் ஒற்றி, செல்வகுமாரிடம் நீட்டினாள். பெரியத்தானின் சட்டைப் பையிலிருந்து டைரியும் வெளியே வந்தது.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு எண் மாறியது. சர்வரைத் திறந்தேன். சிவப்பு எழுத்து இல்லை. பச்சையாக ஒரு பெட்டி வந்து ஃபைலைக் கேட்டது. ஒவ்வொரு ஃபைலும் ஏறி முடிக்கிறவரைக்கும் பெரியத்தான் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மிஷினில் கலர் பார்க்கிற அதே உன்னிப்போடு, அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரைக்குக் கடைசி ஃபைலும் போய்ச் சேர்ந்தது. ஆறிப்போன சுண்டலை நானும் செல்வகுமாரும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

"நாளைக்குப் போர்மேனுக்கு என்னக்கா சொல்லட்டும்?" என்றாள் ராமலட்சுமி, போகிறபோது.

"வரலைன்னு சொல்லு."

சொல்லிவிட்டேன். ஆர்டர் கையில் இல்லாமலே சொல்லிவிட்டேன். அவளும் சனிக்கிழமை காலை போர்மேனிடம் அப்படியே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆர்டர் வராவிட்டால் இவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்... மெயில் பெட்டியைத் திறந்து மூடியே என் விரல் தேய்ந்தது. புதன்கிழமை மதியம் வந்தது. ஆர்டர் நமக்கு! வருஷம் முழுக்க! நான் ராமலட்சுமியைக் கூப்பிட்டுச் சொன்னபோது, அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியத்தான் அன்றைக்கே மிஷின் உறையைக் கழற்றி, முதல் பெட்டியை அச்சடிக்கவும் செய்துவிட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் யாருமே பொய் சொல்லவில்லை, யாருமே வேலையில் குறை வைக்கவில்லை. எல்லோரும் அவரவர் பக்கத்தைச் சரியாக வைத்திருந்தோம். நான் எந்த எண்ணை எழுதிக் கொடுத்தேன் என்று பெரியத்தானிடம் சொல்லவில்லை. அவர் எந்த எண்ணை யாருக்கு விட்டார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஐந்து முகவரி வாங்கத் தெரிந்த எங்களுக்கு, பத்தடி தூரத்தில் இருக்கிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. கேட்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளுக்கு ஐபி என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது.

இதோடு முடித்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் மறுநாள் வியாழக்கிழமை காலை, ஆர்டர் விவரத்தை எடுக்கச் சர்வரைத் திறந்தேன்.

'அனுமதி இல்லை.'

மெயிலைப் பார்த்தேன். மசாலா கம்பெனியிலிருந்து மரியாதையான ஒரு கடிதம். 'தாங்கள் வெள்ளிக்கிழமை கேட்டுக்கொண்டபடி, பதினெட்டாம் எண்ணை நீக்கிவிட்டுப் பத்தொன்பதாம் எண்ணுக்கு அனுமதி கொடுத்துவிட்டோம்.' நான்கு வேலை நாள் என்றார்கள். மிகச் சரியாக நான்காவது வேலை நாள்! அந்த டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

செல்வகுமாரை வரச் சொல்லிப் பழையபடி பத்தொன்பதுக்கு மாற்றி, சர்வர் திறக்கிறவரைக்கும் பெரியத்தான் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த மஞ்சள் சீட்டைத் தேடி எடுத்து, அம்மன் படத்துக்கு முன்னால் பழைய இடத்திலேயே வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியாத்தா? வேல முடிஞ்சதும் சாமி தன் நம்பரத் திருப்பி எடுத்துக்கிருச்சு."

எடுத்துக்கொண்டது சாமி இல்லை அத்தான், டிக்கெட் போட்ட இந்த முட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பேஸ்டிங் மேசையிலிருந்து ராமலட்சுமியின் குரல் வந்தது.

"எடுத்துக்கிரட்டும்க்கா. நமக்குத்தான் வேல வந்துருச்சுல்ல?"

வாயை மூடிக்கொண்டேன். அந்த முதல் மசாலாப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். கொண்டு போய் வைத்தது நான்தான்.